ரமிலாபென் அனுப்பாத கடிதங்கள்

லோன் மெஸா மோட்டலின் பதினோராம் அறையில் இருப்பவர்கள் பிறக்கவே இல்லை. ஒரு தாய், அவருடைய மகன். தாய்க்கு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, வெங்காயமும் பூண்டும் சேராது. மகன் அவரை ஓக்லஹோமாவிலிருந்து ஃபீனிக்ஸுக்குக் காரில் அழைத்துப் போகிறான். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அவர்கள் வருவதாக இருந்தது. கார் எதுவும் வரவில்லை, மேசை மணியை யாரும் அடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை படுக்கை கசங்கியிருந்தது, இரண்டு துண்டுகள் நனைந்திருந்தன, மூடி வைத்த கிச்சடிப் பாத்திரம் வழித்துத் துடைத்ததுபோல் காலியாக இருந்தது.

மெஸ்கீட் வெல்ஸ் டெக்சஸின் வடமூலையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். எங்கள் சாலையில் மோட்டல் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் குஜராத்தின் பார்டோலிப் பக்கத்திலிருந்து வந்த பக்தா குடும்பங்கள். இவர்கள் ஓர் அறையை எப்போதும் விற்பதில்லை. ஊர்க்காரர் யாராவது வழியில் வந்து இறங்கினால் அவருக்கு அது. எந்தக் கிராமம், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அதற்குமேல் கேட்க மாட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டு என்று ஊர்க்காரரிடம் சொன்ன மோட்டல்காரர் ஒருவரின் மகளுக்கு நான்கு மாநிலங்களில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். தாகோர்பாய் பக்தாவின் மோட்டலில் அந்த அறை பதினொன்று.

தாகோர்பாய் பேசத் தெரியாதவர். குழாய், கூரை, ஹீட்டர் அவருடைய பங்கு. பேசுவதும் எழுதுவதும் அவர் மனைவி ரமிலாபென். முன்பதிவு நிறுவனத்தின் வழியாக யார் அறை கேட்டாலும் நிறுவனம் தானாக ஒரு பதில் அனுப்பிவிடும். ரமிலாபென்னுக்கு அது போதாது. ஒவ்வொருவருக்கும் தானே ஒரு கடிதம் தட்டி அனுப்புவார். இங்கே காற்று பலமாக இருக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால் எந்நேரமும் என் கதவைத் தட்டுங்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஹேதல், டாலஸில் இருக்கிறாள், அவள் காரில் கிளம்பினால் வந்து சேரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்படியெல்லாம் எழுதுவார். அந்தக் கடிதத்துக்காகவே வருடா வருடம் வந்து தங்கிய லாரிக்காரர்கள் உண்டு.

அந்தத் தாயும் மகனும் வருவதாகச் சொன்ன மின்னஞ்சல் குஜராத்தியில், ஆங்கில எழுத்துகளில் வந்தது. ஜெய் ஸ்ரீ கிருஷ்ண, சித்தப்பா, நான் குளத்துத் தெரு பர்புபாயின் பேரன் என்று ஆரம்பித்தது. அம்மா என்னென்ன சாப்பிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன், நாங்கள் வருவதற்குள் தயவுசெய்து பாருங்கள் என்று முடிந்தது. பக்தா குடும்பங்களின் சங்கமான சமாஜத்தின் விலாசப் புத்தகம் எங்கோ திருடர்கள் கைக்குப் போயிருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. அதில் எல்லாருடைய கிராமமும் தெருவும் இருக்கிறது.

"பர்புபாய்க்குப் பேரன் இருக்கானா?" என்று கேட்டார் தாகோர்பாய்.

"நீங்க ஊரைவிட்டு வந்து முப்பது வருஷமாச்சு. பேரன் இருக்க மாட்டானா? பாவம், வயித்துல கத்தி பட்டவ. மொதல்ல அந்தத் தாளைத் திறங்க, நான் பருப்பு ஊற வெக்கணும்."

அவர் திறந்தார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. டாக்டர் ஒன்றுமே எழுதவில்லை என்றார். ரமிலாபென் தனக்குத் தெரிந்த பத்தியத்தைச் சமைத்தார்.

துண்டுகளை எடுக்கப் போன லூப்பே கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். பல வருடங்களாக அந்த அறைகளைத் துப்புரவு செய்கிற, ஸ்பானிஷ் பேசுகிற பெண். "சென்யோரா, பதினொண்ணுல இருந்தவங்க எப்பப் போனாங்க?"

"யாரும் வரவே இல்லையே, லூப்பே."

"அப்ப வராதவங்களுக்கு இருமல் இருக்கு. குளியலறைக்குள்ள இப்பவும் இருமுறாங்க. நான் அந்தக் கதவத் திறக்கல, எனக்குப் புள்ளைங்க இருக்கு."

அந்த மாதம் முடிவதற்குள் எல்லா அறைகளும் நிறைந்துவிட்டன. கணினியின் முன்பதிவுத் திரையில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எந்தப் பெயருக்கும் ஆள் வரவில்லை. மாலையானால் கதவுகள் உள்ளிருந்து தாழிடப்பட்டன, திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன, சுவருக்குப் பின்னால் யாரோ செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. உண்மையான பயணிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. எதிர் மோட்டல் நகின்பாய்க்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "என்ன தாகோர்பாய், வாசல்ல ஒரு கார்கூட இல்ல, இடமில்லைன்னு விளக்கு எரியுது! என்கிட்ட கார் நிக்குது, காசுதான் வரமாட்டேங்குது. இந்த வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாயேன்," என்று சாலையைக் கடந்து வந்து கேட்டார். தாகோர்பாய் அவரை அறைகளின் வரிசை ஓரமாக நடத்திக் கூட்டிப்போனார். பாதி தூரத்தில் நகின்பாய் பேச்சை நிறுத்தினார். மூடிய ஒவ்வொரு கதவிலும் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் துளை, அவர்கள் கடக்கும்போது இருண்டு, கடந்ததும் வெளுத்தது.

கான்சாஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கிய நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த மனிதர் மேசைமேல் தன் போனை வைத்தார். "உங்க மனைவி எழுதினாங்க. கார்டு சரியா பதிவாகல, மறுபடி போடுங்க, இல்லேன்னா அறை போயிடும்னாங்க. போட்டோம். மொத்தமும் போச்சு. இவ்வளவு அன்பா எழுதி ஏமாத்துவாங்கன்னு நாங்க நெனக்கல." ரமிலாபென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். காற்று பலமாக இருக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. கீழே அவர் பெயர். அவர் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதியதுதான். மறுப்பதற்காக வாயைத் திறந்தவர், காற்று என்ற சொல்லைத் தேடினார், அது இல்லை. கையை வீசிக் காட்டினார்.

ஹேதல் டாலஸிலிருந்து போனில் கத்தினாள். "அப்பா, எதையாவது அமுக்கினீங்களா?"

"ஒண்ணும் அமுக்கலம்மா. ஒரு தாளைத்தான் திறந்தேன். வெள்ளையா இருந்துச்சு."

"ஐயோ அப்பா, அதுக்குப் பேர்தான் அமுக்கறது!"

கடவுச்சொல்லை மாற்றினார்கள். முன்பதிவு நிறுவனம் கணக்கை மூடியது. உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் நடையில் போன கடிதங்களுக்கு நீங்களே பொறுப்பு என்று எழுதியது. நகின்பாய் டயர் கழற்றும் கம்பியால் கணினியை உடைத்துத் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். கடிதங்கள் நிற்கவில்லை. அயோவா, ஓஹியோ, கனடாவரை போயின. ஒவ்வொரு கடிதம் போகும்போதும் அதிலிருந்த சொற்கள் ரமிலாபென்னிடமிருந்து போயின. பால் போயிற்று, கதவு போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசப் போனை எடுத்தவர் நெடுநேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா, என் பேரைச் சொல்லு, என் பேரைச் சொல்லு என்று மறுமுனையில் அழுகை கேட்டது. ஏப்ரலில் அவரிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

அதன்பின் திருடர்கள் கடிதங்களில் அவருடைய படத்தையும் சேர்த்தார்கள். தீபாவளிக்கு எடுத்து மோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த படம். அது போகப் போக, மேசைக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டி பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். குளியலறைக் கண்ணாடியில் அவருக்குப் பதில் பின்னாலிருந்த துண்டுக் கம்பி தெரிந்தது. மே மாதத்தில் தாகோர்பாய்க்கே, ரவிக்கைக் கழுத்துக்குமேல் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போனது. பக்கத்து நகரமான அமரில்லோவில் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், சீராக இருக்கிறது என்றார், முகத்தைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதினார். லூப்பே மட்டும் பழையபடி அவரோடு சேர்ந்து விரிப்புகளை மடித்தாள். நான்கு முனை, நான்கு கை. அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

தாகோர்பாய் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடிதம் எழுதினார். பர்புபாயின் பேரன் என்று வந்த அதே விலாசத்துக்கு, போனில், ஒரு விரலால் தட்டினார். காசை வைத்துக்கொள்ளுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று எழுதினார். மறுநாள் நண்பகல், மேசையில் அவரும் மனைவியும் இருந்தபோது, பதில் வந்தது.

"ஹேதல் அப்பா, ஏன் இன்னும் சாப்பிடாம இருக்கீங்க? கீழ நீலமா இருக்கறத ஒரு தடவ அமுக்குங்க. நான் பேசறேன்."

அவர் மறுபடி படித்தார். ஹேதல் அப்பா என்று ரமிலாபென் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. வீட்டுக்குள், அவரிடம் மட்டும் சொல்வது. அதுவும் திருடர்களிடம் இருந்தது. அவர் சாப்பிடவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரிசை முழுக்க அறைகளில் இருமலும் நடமாட்டமும் நின்றுபோயின. எல்லாரும் காத்திருப்பதுபோல் இருந்தது. அவர் விரல் நீல எழுத்தின்மேல் போனபோது ரமிலாபென் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒரே ஒரு தடவ, ரமிலா," என்றார் தாகோர்பாய். "என்ன பெருசா போயிடப்போகுது? மோட்டல் போகட்டும். நான் போறேன். உன் வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேனே. விடு. விடுடீ."

ரமிலாபென் விடவில்லை. குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கும்போது பிடிக்கிற பிடி. வளையல்கள் தாகோர்பாயின் தோலில் பதிந்தன. நீலம் திரையில் மின்னி மின்னிக் கடைசியில் போன் தானாக அணையும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகு கணவர் கையிலிருந்து போனை வாங்கி, தரை துடைக்கும் வாளிக்குள் போட்டார். அலமாரியிலிருந்து துவைத்த துண்டுகளை எண்ணாமல் அள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். அடி மேல் அடி வைத்து அவர் போனதை எதிர்ப்பக்கத்திலிருந்து நகின்பாய் பார்த்தார். பதினோராம் அறையின் கதவு உள்ளிருந்து திறந்தது, அவர் உள்ளே போனார், மூடியது. பின்னாலேயே ஓடிய தாகோர்பாய் சாவி போட்டுத் திறந்தபோது கசங்கிய படுக்கை இருந்தது, வேறெதுவும் இல்லை.

அன்றோடு ரமிலாபென் பெயரில் கடிதங்கள் போவது நின்றது. துணை ஷெரிஃப் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் மூன்று துண்டுகள் நனைந்திருந்தன. மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு, காணாமல் போனவராக இவரைப் பதிய முடியாது, இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹேதல் வந்து ஒரு மாதம் இருந்தாள். அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். போகும்போது அவள் காரின் முன்கண்ணாடி துடைத்திருந்தது. அப்பாவா துடைத்தார் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருடங்கள் போய்விட்டன. லோன் மெஸாவில் இப்போது கணினி கிடையாது. மற்ற அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, அறைகள் திரும்பக் கிடைத்தன. பெயர் மட்டும் உள்ளவர்கள் நெடுநாள் தாங்க மாட்டார்கள் என்று லூப்பே சொல்கிறாள். பதினோராம் அறையில் மட்டும் இருமல் இன்னும் கேட்கிறது; யாரோ முதுகைத் தடவிக் கொடுப்பதுபோல் அது மெல்ல அடங்குகிறது. தாகோர்பாய் சமைக்கக் கற்றுக்கொண்டார். மூன்று பேருக்கு உப்புக் குறைவாகச் சமைத்துக் கதவடியில் வைக்கிறார். முதல் வருடம் மணிக்கட்டின் தழும்பைச் சட்டைக்குள் மறைத்தார், பிறகு மறைப்பதை விட்டுவிட்டார்.

போன கோடையில் மிசூரியிலிருந்து ஒரு பெண் தன் மகளோடு நான்காம் அறையில் தங்கினாள். காலையில் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். சிறுமியின் மஞ்சள் முடி எண்ணெய் மினுங்க வகிடெடுத்து, இரட்டைப் பின்னலாக இறுக்கிக் கட்டியிருந்தது.

"எங்க அறைக்குள்ள வந்தது யாரு? கதவ உள்பக்கமாப் பூட்டியிருந்தேன்."

"என் மனைவி," என்றார் தாகோர்பாய்.

"எங்க அவங்க? கூப்பிடுங்க."

"பேச மாட்டாங்க, மேடம். வேலையா இருக்காங்க."

அந்தப் பெண் மகள் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "உன்ன என்ன செஞ்சாங்க? வலிச்சுதா? பயந்தியா?"

"இல்லம்மா. சிக்கு எடுத்தாங்க. கை மட்டும்தான் இருந்துச்சு. சூடா இருந்துச்சு."

அந்தப் பெண் பின்னலை அவிழ்க்க முனையிலிருந்த ரிப்பனைப் பிடித்தாள். கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே அறைகளின் வரிசையை ஒருமுறை பார்த்தாள். சாவியை மேசையில் வைத்து, இன்னும் காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.