யார் வீடும் இல்லை

நூலகத்தை மூடுவதற்கான கூட்டத்தை நூலகத்திலேயே வைத்தார்கள். அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று வந்திருந்த எவனுக்கும் உறைக்கவில்லை.

வேறு வழியும் இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் மதகுச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்டு வருடக்கணக்காகிறது. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் படியை அந்தப் பக்கம் மிதிக்காது. லாரிகளை எடை போடும் எடைமேடைக்காரன் கொட்டகையில் இந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் குடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டாவது இரண்டு கூட்டமும் உட்காரக்கூடிய கூரை ஊரில் ஒன்றுதான். அறிவுத் தாகமெல்லாம் இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லை, அவ்வளவுதான்.

தையல்காரிக்கும் அதே காரணத்துக்காகத்தான் அந்தக் கூரை வேண்டியிருந்தது. அவள் எடைமேடைக்காரனோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவள். மகள் அவனிடம் வளர்கிறாள். பிள்ளையை அவள் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்றாள் மாமியார். அந்த வீட்டுக்குள் இவள் இனி காலெடுத்து வைப்பதாக இல்லை. சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நூலகர் ஒரு வழி சொன்னார். நல்ல மனதோடு சொன்னாரா, வாசகர் கணக்கில் இரண்டு தலை கூடட்டும் என்று சொன்னாரா, அவருக்கே வெளிச்சம்.

அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுததெல்லாம் இல்லை. இவள் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். மகள் எதிரே உட்கார்ந்து படிப்பாள். எப்போதாவது ஒரு வரி வெளியே வரும்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்மா."

"ஒண்ணை வச்சுக்கிட்டே நாம படாத பாடு படறோம்."

அந்த வாரம் அவர்கள் நேரத்தில் கூட்டம் வந்து இறங்கியது. கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார் தலைவர்.

"இது எங்க நேரம்ணே," என்றாள் தையல்காரி. "நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நாங்க காதைப் பொத்திக்கிறோம்."

தலைவர் பேசினார். எல்லாம் போனிலேயே வந்துவிட்டதாம், புத்தகத்தை எவன் தொடுகிறான் என்றார். சிமென்ட் மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டால் ஊருக்கு வருமானம். அவருடைய மச்சான் அதற்குள் மூலையில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆடாமலிருக்க அதன் அடியில் இரண்டு தடித்த புத்தகங்களைத் திணித்திருந்தார்கள்.

தலையாட்டியவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். தினமும் ஓசிப் பேப்பரை சினிமா விளம்பரம்வரை மேய்கிறவர் ஒருவர். மின்விசிறிக்கு அடியில் மத்தியானத் தூக்கம் போடுகிறவர் ஒருவர். மகனின் வேலை விண்ணப்பத்தை நூலகரைக்கொண்டே எழுதிவாங்கிய மகராசன் ஒருவர். நூலகர் தன் சாவுக்குத் தானே நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

மூடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னதும் முதலில் எழுந்தது எடைமேடைக்காரனின் கை. பின்னாலேயே மற்ற கைகளும். வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஒத்துப்போன முதல் விஷயம். தூக்கிய கையோடு அவன் தையல்காரியைப் பார்த்தான். சிமென்ட்டைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. அவனுக்குச் சனிக்கிழமை ஒழியவேண்டும். அது அவளுக்குப் புரிந்தது.

தீர்மானத்தை எழுதி, அடுத்த சனிக்கிழமை எல்லாரும் கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று நூலகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுக்கென்ன, சாவியை இப்போதே மச்சானிடம் கொடுங்கள், நாளைக்கே மூட்டை இறங்கட்டும் என்றார் தலைவர்.

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை எங்கண்ணே கூடுவீங்க?"

"எங்க வீட்டு மாடியில."

எடைமேடைக்காரனின் கை இறங்கியது.

"உங்க மாடிக்கு நாங்க ஏறி வரணுமா? எங்க கொட்டகைக்கு வாங்க."

"எதுக்கு? எங்களையும் எடை போட்டு விக்கவா?" என்றது இந்தப் பக்கம்.

பள்ளிக்கூடம் என்று ஒருவர் இழுத்தார். அது தலைவரின் அப்பா கொடுத்த மனை, வாசலில் அவர் பேர் பொறித்த கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகமாட்டோம் என்றது அந்தப் பக்கம். மரத்தடி என்றார் இன்னொருவர். இந்த வெயிலில் நீ போய் உட்கார் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை ஏசின. பிறகு மதகு வந்தது. மதகு வந்தால் மற்றதெல்லாம் போயிற்று. செத்துப்போன அப்பன்களையெல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து சண்டைக்கு நிறுத்தினார்கள்.

தொண்டை வற்றியபின் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர்க் கூட்டம் நடத்தப் பொதுவான இடம் தேவைப்படுவதால் நூலகம் இருந்துவிட்டுப் போகட்டும். புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனாலும் தலைவர் விடவில்லை. வாசிப்பின் மேன்மையைப் பற்றி எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினார், மேசையில் கை ஊன்றி. கைதட்டினார்கள். மச்சான் டேப்பைச் சுருட்டிக்கொண்டான். மேசைக்கு அடியில் கிடந்த புத்தகங்களை எவனும் எடுத்துவைக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை நேராக்குவது வழக்கம்போல நூலகர் பாடு.

"அடுத்த வாரமும் சண்டை போடுவாங்களாம்மா?" மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"போடணும்," என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "ராசியானாங்கன்னா நம்ம பாடு திண்டாட்டம்."

வெளியே எடைமேடைக்காரன் வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான். நேரம் இன்னும் முடியவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

மகள் பக்கத்தைப் புரட்டினாள்.