சட்டைக்குச் சட்டை இம்யா

நீச்சல் பயிற்சிக்கு வந்திருந்த ரஷ்யப் பெண்கள் அணியின் சட்டைகள் எம்பிராய்டரிக்காரியின் கடைக்கு வந்தன. மாதிரிக்கு ஒரு படத்தைப் பயிற்சியாளர் போனில் அனுப்பியிருந்தார். நெஞ்சுப் பக்கம் மூன்றே எழுத்து. கடைசி எழுத்து ஆங்கில 'ஆர்' எழுத்தைத் திருப்பிப் போட்டாற்போல் இருந்தது.

"கிளப் பேரா இருக்கும் அண்ணி. எல்லாத்துலயும் இதையே போட்டுடலாம்," என்றாள் ஆர்டர் எடுக்கும் நாத்தனார்.

போட்டுவிட்டார்கள். வாங்க வந்த பயிற்சியாளர் ஒரு சட்டையைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுத்தைத் தட்டி, "இம்யா" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தட்டித் தன் பெயரைச் சொன்னார்.

நாத்தனாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இம்யான்னா பேருன்னு அர்த்தமாம் அண்ணி. பேர் போட வேண்டிய எடத்துல பேருன்னே போட்டிருக்கோம்."

மெல்லிய துணி, தையலைப் பிரித்தால் சல்லடைதான். எழுத்து இருக்கட்டும், அதன் கீழே அவரவர் பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று எம்பிராய்டரிக்காரி கையை ஆட்டிப் புரியவைத்தாள். அவர் தலையாட்டினார். பெயர்களைப் போனில் அனுப்புகிறேன் என்றதற்குத்தான் அவள் மசியவில்லை. "போன்ல வந்ததை நம்பிப் பட்டது போதும்," என்று துண்டுத்தாள்களோடு நீச்சல் குளத்துக்கே போனாள்.

"இம்யா?"

துவாலைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த முதல் பெண் நீளமாக ஒன்றைச் சொன்னாள். தண்ணீரில் கிடந்தவர்களோ குட்டியாக வேறொன்றைக் கத்தினார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர்போலும் என்று அவளுக்குப் பட்டது. தாளை நீட்டினாள். அந்தப் பெண் யோசித்துக் குட்டிப் பெயரையே எழுதினாள். நெட்டையான ஒருத்தி மட்டும் கத்தியவர்களை முறைத்துவிட்டு முழுப் பெயரை எழுதினாள். எழுதியபடியே தையல் விழுந்தது.

சட்டை வாங்க எல்லோரும் கடைக்கே வந்தார்கள். நெட்டைக்காரி எம்பிராய்டரிக்காரியை நோக்கி விரலை நீட்டி, "இம்யா?" என்றாள்.

நாள் முழுக்கக் கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதுதான் நாக்கில் முந்திக்கொண்டது.

"அக்கா."

"ஆக்கா!" என்று கடையே அதிர்ந்தது.

"உங்க பேரா அண்ணி அது?" என்று நாத்தனார் இடித்தாள்.

"விடுடி. கூப்பிட்டா திரும்பிப் பாக்கறேன்ல?"

அவர்கள் ஏறிய வேன் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அவள் மெஷினில் அடுத்த துணியை மாட்டினாள்.