வாயைத் திறக்காதவரின் கண்ணாடி

அன்று படப்பிடிப்புக் கூடத்தில் இருந்த எங்கள் குடும்பத்தார் நான், என் மனைவி, அப்பாவின் தங்கையான அத்தை, மேடையில் நின்ற என் தம்பி. வெளியாட்களில் இயக்குநர், எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர், பெஞ்சுகளை நிறைத்த பார்வையாளர்கள். தம்பியின் மாமனார் வரவில்லை. வந்ததாக அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

தம்பி ஒரு நகைச்சுவைத் தொடரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியாக, மூக்குக்கண்ணாடியோடு நடிக்கிறான். வாரந்தோறும் யாராவது அவனிடம் அடுத்த வீட்டுச் சங்கதி கேட்பார்கள். "நான் எதுக்கு வாயத் தொறக்கப் போறேன்?" என்பான். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

அது எங்கள் அப்பாவின் வாக்கியம். அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர். அவர் கைபட்ட கடிகாரம் எதுவும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஊர் விஷயம் கேட்டால் இப்படித்தான் தொடங்குவார். அப்புறம் அவரை நிறுத்த அம்மாதான் வர வேண்டும்.

தொடர் வந்த ஒரு வருடத்தில் அந்த வாக்கியம் எங்கும் பரவிவிட்டது. பேருந்தில் ஒருவர் செல்போனில் சொன்னார். வங்கியில், மேலாளர் ஏன் லீவு என்று கேட்ட ஊழியருக்குப் பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை போன் செய்தாள். "எங்கண்ணன வச்சு ஊரே சிரிக்குது. மூத்தவன்னு நீ ஒருத்தன் எதுக்கு இருக்க?"

அன்றே தம்பியை வரவழைத்து, அந்த வசனத்தை விட்டுவிடச் சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான். "அது இல்லேன்னா என்னைத் தூக்கிடுவாங்கண்ணே. அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க" என்றான். குடும்ப மானத்தைவிட நடிப்பு பெரிதா என்று கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனான். மூத்தவர் சொன்னபின் மறுபேச்சுப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை.

அவன் சொல் காப்பாற்றுவதை நேரில் பார்க்கத்தான் நாங்கள் போனோம். பார்வையாளர்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிப்போடு சேர்த்துப் படம் பிடிக்கிற தொடர் அது. நாங்கள் யாரென்று தெரியாத பேக்கரிக்காரர், அந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"எங்க மாமியார் அச்சு அசல் இப்படித்தான் சார். முதல் தடவை டிவியில வந்தப்ப மொத்த வீடும் அவங்களத் திரும்பிப் பாத்துச்சு. இப்ப அவங்களே வேணும்னே சொல்றாங்க."

என் மனைவி என் காதருகே குனிந்தாள். "வீட்டுக்கு வீடு ஒரு மாமா இருக்கார்போல. அவங்கவங்க ஆளப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. நீங்கதான் நம்ம மாமாவ மட்டும் நினைச்சுக்கிட்டு முறைக்கிறீங்க."

நான் மேடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மேடையில் குடித்தனக்காரியாக நடித்த பெண், மாடியில் நேற்று என்ன சண்டை என்று கேட்டாள். தம்பி வாயெடுத்தான். எங்கள் பெஞ்சைப் பார்த்தான். மூடிக்கொண்டான். கூடமே அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. இயக்குநர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். பின்வரிசையில் ஒரு குரல் மெதுவாக "நான் எதுக்கு..." என்று தொடங்கியது. பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் இழுத்துச் சொன்னார், ஒருவர் வெடுக்கென்று சொன்னார், ஒருத்தி மூக்கால் சொன்னாள். அவரவர் வீட்டுக் குரல் அது. தம்பி மட்டும் சொல்லவில்லை. கொடுத்த வாக்குக்காகப் பிழைப்பை விட்டுக்கொண்டு நின்றான்.

அப்போது அத்தை எழுந்தாள். தடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"யாருமே சரியாச் சொல்லல. மொதல்ல கண்ணாடியக் கழட்டணும்டா. கழட்டாமப் பேசினா அது எங்கண்ணனே இல்ல."

உண்மைதான். அப்பாவின் கண்ணாடி வேலைக்கு மட்டும். அதைக் கழற்றினால் கடிகாரம் ஓரம் போயிற்று, பேச்சு ஆரம்பம் என்று அர்த்தம். ஒரு வருடமாக இந்தப் பயல் அதைப் போட்டுக்கொண்டே பேசியிருக்கிறான். அத்தைக்கு உறுத்தியது இதுதான்.

தம்பி இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை சொல்றாங்கல்ல, கழட்டு" என்றேன்.

கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். அப்பாவேதான். பிறகு சொன்னான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தெரிந்தவரா என்று பேக்கரிக்காரர் என்னைக் கேட்டார்.

"என் தம்பி. அந்த வார்த்தை எங்கப்பாவோடது" என்றேன், முன்வரிசைக்கும் கேட்கும்படி.

தம்பி அந்தத் தொடரில் இன்னும் இருக்கிறான். வாரந்தோறும் கண்ணாடியைக் கழற்றுகிறான். அது இயக்குநரின் யோசனை என்று ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறதாம். இல்லை. இயக்குநர் அப்போது வாயடைத்து நின்றுகொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்தது எங்கள் அத்தை.