தலைக்கு மேலால் போகாத வயர்

உம்மா பிரித்துக் கொடுத்த வளவில் ரோட்டுப் பக்கம் மூத்தவள் ஜெஸீலாவுக்கு, பின்பக்கம் இளையவள் முஸ்பிறாவுக்கு. தங்கை மாடி வைத்துக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே ஜெஸீலாவுக்கு வயிறு எரிந்தது. கரண்ட் வயர் அக்காவின் வாசலுக்கு மேலால்தான் வரவேண்டும் என்று முஸ்பிறா ஒப்பம் கேட்டு வந்தாள்.

"என்ட தலைக்கு மேலால ஒரு வயரும் போகப்படாது."

இருட்டில் கிடக்கட்டும் என்று ஜெஸீலா கதவைச் சாத்தினாள்.

முஸ்பிறாவின் கணவன் சண்டைக்கு வரவில்லை. கம்பம் நடவும் இடமில்லாத பக்கத்து ஒழுங்கையில் அனுமதி எடுத்து, நீளத்துக்குக் குழி வெட்டி, குழாய்க்குள் கேபிளைப் போட்டு மூடிவிட்டான்.

குடிபுகுந்த அன்று, ஜெஸீலாவோடு ஒரே சகன் தட்டைச் சுற்றிச் சோறு தின்ன உட்கார்ந்த பெண்களுக்கு அதே கதைதான்.

"ஒரு வயரும் தெரியல்ல! வீடு படம் போல இரிக்கி."

ஜன்னலுக்கு வெளியே ஜெஸீலாவின் வீட்டு முகத்துக்குக் குறுக்கே பழைய வயர் தொங்கியது. அதில் இரண்டு காகங்கள்.

முஸ்பிறா நல்ல இறைச்சித் துண்டொன்றை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் ராத்தாவாலதான். நீங்க அன்டைக்கு ஒப்பம் வெச்சிருந்தா, எங்களுக்கும் அப்பிடித்தான் தொங்கியிரிக்கும்."

எல்லோரும் ஜெஸீலாவைப் பார்த்தார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள் ஜெஸீலா.