அடுத்தவன் போட்ட பிளக்கு

செங்கல்பட்டில் சாலமோன் மெக்கானிக்கின் காதைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஒருமுறை மதுராந்தகம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், பக்கத்துச் சாலையில் போன லாரிக்கு மூன்றாவது சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். இறங்கி டீ குடிக்கும்போது அந்த லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மதுராந்தகம் ஏரியிலிருந்த நாரைகள் எல்லாம் எழுந்து நின்று இவரைப் பார்த்ததாகச் சிலர் சொல்வது மிகை. உட்கார்ந்தபடிதான் பார்த்தன.

அப்பேர்ப்பட்ட சாலமோன் ஒரு செவ்வாய்க்கிழமை, நாஸ்தா முடித்த கையோடு, சம்பத்தின் காருக்கு ஆயில் மாற்றப் பானெட்டைத் திறந்தார். திறந்த கையோடு, எஞ்சினுக்குள் பொறி கொடுக்கும் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது அவர் பழக்கம். முதல் பிளக்கைக் கழற்றினார். அது அவர் போட்டது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதும் இல்லை. மூன்று சிலிண்டர் வண்டி என்பதால் அதோடு நின்றது.

தன் வீட்டுக் கொடியில் அடுத்தவன் லுங்கி காய்வதைப் பார்த்தவர் போல நின்றார்.

சம்பத் புதுப்பட்டினம் பக்கத்தில் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்பவர். இருபத்திரண்டு வருஷமாகச் சாலமோன் ஷெட்டைத் தவிர வேறு ஷெட்டை மிதித்தவர் இல்லை. அவருடைய பழைய காரைச் சாலமோன் ஒருமுறை டியூன் செய்து கொடுத்தபோது, சாவியை எடுத்த பிறகும் மரியாதைக்காகக் கால் மணி நேரம் ஓடிவிட்டுத்தான் நின்றது. போன வருஷம் அதைக் கொடுத்துவிட்டு டர்போ வைத்த இந்தப் புதுக் காரை வாங்கினார். கம்பெனி சர்வீஸ் முடிந்ததும் நேரே இங்கேதான் கொண்டுவந்தார். சாலமோன் பழைய காருக்குப் போட்டுப் பழகிய பிளக்கையே இதற்கும் வாங்கி, முனைக்கு முனை ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர் இடைவெளி வைத்து மாட்டினார். இடைவெளி பெரிதாக இருந்தால் பொறியும் பெரிதாக இருக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

மாட்டிய பிறகு வண்டி உதற ஆரம்பித்தது. சாதாரணமாகப் போகும்போது ஒன்றுமில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தி, டர்போ வேலை செய்ய ஆரம்பித்தால் போதும், உதறல். சம்பத் பால் பாக்கெட் வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் இரண்டு லாரிகளை முந்தினால், வீட்டில் இறங்கும்போது வெண்ணெய் திரண்டிருக்கும். அவர் மனைவி செல்லம்மா, வண்டி உதறிய இரண்டு மாதமும் கடையில் நெய் வாங்கவில்லை.

இதைச் சம்பத் ஒருமுறை ஜாடையாகச் சொன்னார். சாலமோன் நெடுஞ்சாலைத் துறையை அரை மணி நேரம் திட்டினார். அதன் பிறகு சம்பத் வாயே திறக்கவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று சாலமோன் நினைத்துக்கொண்டார். சரியாகித்தான் இருந்தது, யாரோ சரி செய்திருந்தார்கள்.

பிளக்கைத் துடைத்துக்கொண்டே, பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சம்பத்திடம் கேட்டார். "வண்டிய வேற எங்கனா காட்னியா சம்பத்து?"

"நானா? உன்ன வுட்டு நான் எங்கண்ணா போவப் போறேன்."

சொல்லிவிட்டுச் சம்பத் வானிலைச் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தார். சாலமோன் மூன்று பிளக்கையும் இருந்தபடியே மாட்டி, ஆயில் மாற்றி அனுப்பிவைத்தார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. எவன் அவன், எந்தக் கையால் திறந்தான், சம்பத் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசினானா, டீ வாங்கிக் கொடுத்தானா. இதையெல்லாம் வாய்விட்டே யோசித்தார் போலிருக்கிறது. பரிமாறிக்கொண்டிருந்த மனைவி வரலட்சுமி கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.

"நான் எங்கம்மா வூட்டுக்குப் போயி பத்து நாள் இருந்துட்டு வந்தேன். எங்க போன, யாரப் பாத்தன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? மூணு பிளக்குக்கு இன்னா துடி துடிக்கிற."

சாலமோன் கையை அலம்பிக்கொண்டு, பிளக்கில் படித்த நம்பரை மனசில் சொல்லியபடி பிரிசில்லாவின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனார். நம்பரைக் கேட்டதும் பிரிசில்லா, அது டர்போ வண்டிக்கு வருகிற இரிடியம் பிளக்கு, இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை, புதுப்பட்டினத்தில் அப்துல் மாலிக் என்பவர்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். அந்த மனுஷன் ரொம்பத் தங்கம் என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டாள். சாலமோனுக்கு வயிற்றில் எரிந்த எரிச்சலில் ஒரு குடும்பத்துக்குச் சமைத்திருக்கலாம்.

மறுநாள் காலை ஷெட்டைப் பூட்டிவிட்டு, வரலட்சுமியின் ஸ்கூட்டரில் புதுப்பட்டினம் போனார். அடையாளம் தெரியக்கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவரை அங்கே யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாலிக்கின் ஷெட் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. மீன் வாங்க வந்தவர்கள் கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் கடந்தார்கள். ஸ்பேனர்கள் உயர வரிசையில் மாட்டியிருந்தன. சாலமோன் ஒரு குறையாவது கிடைக்காதா என்று சுற்றிலும் பார்த்தார். காலண்டரில் நேற்றைய தேதி கிழிக்காமல் இருந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல் அடைந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலிக் வந்து அதையும் கிழித்தார்.

மச்சான் டர்போ கார் வாங்கியிருக்கிறான், உதறுகிறது, என்ன பிளக்கு போடுவது என்று சாலமோன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார். மாலிக் முதலில் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். டீ சொன்னார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அண்ணாத்த, கடலோரம் நின்னு பீடி பத்த வச்சிக்கீறியா? கையக் குவிச்சிகினுதான பத்த வைப்ப. கைய விரிச்சா குச்சி நிக்குமா? டர்போ உள்ள காத்த அப்பிடித் திணிக்கும். முனைங்களுக்கு நடுவுல கேப்ப நீ ஒண்ணுக்கு மேல வச்சின்னா பொறி அணைஞ்சி பூடும். புள்ளி ஏழுல வையி. நின்னு எரியும்."

கேப் மட்டும் போதாதாம். டர்போ எஞ்சினுக்குள் சூடு அதிகம். பழைய மாதிரி பிளக்கு போட்டால் அதன் முனை கனிந்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், உள்ளே டொக் டொக்கென்று அடிக்கும், விட்டால் பிஸ்டன் போய்விடும். சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுகிற, கோல்டு என்கிற குளிர்ந்த ரகப் பிளக்காக, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார் மாலிக். சாலமோன் தப்புக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். லாரியின் மூன்றாவது சிலிண்டரைக் கேட்ட காதுக்கு இதில் ஒரு தட்டல் கூட அகப்படவில்லை.

"செங்கல்பட்டுல யாரோ ஒருத்தர் ஒரு சாருக்கு இப்பிடித்தான் மாத்திப் போட்டுட்டாரு," என்று மாலிக் தொடர்ந்தார். "ஆனா அண்ணாத்த, பொய் சொல்லக் கூடாது, முறுக்கி வச்சிருந்தாரு பாரு, ஒரு நூல் கூட இல்ல, கொற இல்ல. பெரிய கை. அந்த சாரு ஒரு மணி நேரம் உக்காந்து எல்லாம் சொன்னாரு. அவராண்ட போய்ச் சொல்லேன்னேன். மனசு ஒடிஞ்சி பூடுவாரு பாய், அவராண்ட சொல்ல முடியாதுன்ட்டாரு."

டீ வந்தது. ஹெல்மெட்டோடு குடிக்க முடியாது என்று அப்போதுதான் சாலமோனுக்குத் தெரிந்தது. கண்ணாடியை மட்டும் தூக்கிக்கொண்டு குடித்தார். டீயும் நன்றாக இருந்தது. அது வேறு. அதே நம்பரில் மூன்று பிளக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை சம்பத்துக்கு லீவு. எங்கேயோ ஆயில் கசிகிற மாதிரி இருந்தது, கொண்டுவா என்று போன் செய்து வரவழைத்தார். சம்பத்தை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மாலிக் போட்ட மூன்று பிளக்கையும் கழற்றி, மாலிக்கிடம் வாங்கிய மூன்று பிளக்கையும் மாட்டினார். அதே கம்பெனி, அதே நம்பர், அதே புள்ளி ஏழு. ஆனாலும் இப்போது வண்டி தன்னுடையது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சம்பத் அழுத்தினார். வண்டி பறந்தது. பூஞ்சேரி திருப்பத்தில் வண்டி திரும்பி, நின்று, இவர்கள் இளநீர் குடித்து முடித்த பிறகுதான் அதன் நிழல் வந்து சேர்ந்தது. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஓரமாக நிறுத்தினார்கள்.

"இன்னிக்கி டர்போ பிளக்கு மாத்தினேன்," என்றார் சாலமோன். "நேத்து வரைக்கும் நான் மொதல்ல போட்ட சாதா பிளக்குதான் இருந்திச்சி. வித்தியாசம் தெரியுதா?"

சம்பத்துக்கு வியர்த்தது. இல்லை என்றால் மாலிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் பொய். அவர் கடலைப் பார்த்தார். ஐந்து அலை வந்து போயிற்று.

"யப்பா, இப்பதாண்ணா வண்டி வண்டி மாதிரி கீது."

சாலமோன் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். கேட்டதும் இனிக்கவில்லை. முன்பின் தெரியாத மாலிக்குக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து உண்மை. இருபத்திரண்டு வருஷம் பழகியவனுக்கு ஒரு வரியில் பொய். பிளக்குக்குப் பட்ட பொறாமை இதற்கு உறை போடக் காணாது. சட்டைப் பையிலிருந்து மாலிக் போட்ட பழைய மூன்றையும் எடுத்து டேஷ்போர்டில் வரிசையாக வைத்தார்.

"நான் புதுப்பட்டினம் போயிருந்தேன். அவன் நல்லா போட்டுக்கீறான், அத வுடு. அவனாண்ட வாய் வந்துதே, என்னாண்ட ஏன்டா வர்ல? தப்புன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

சம்பத் மூன்று பிளக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, கேப் அதிகம் வைத்துவிட்டாய் என்று மெல்லச் சொன்னார். சாலமோன் தலையை ஆட்டினார். அதில் தைரியம் வந்து, அந்தப் பிளக்கோடு சேர்த்துப் போட்ட பிரேக் இன்னும் கிறீச்சிடுகிறது என்றார். இடது பக்கக் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடிக்கொள்கிறது, ஏசி போட்டால் எலி வாடை, ரிவர்ஸ் விளக்கு ஹார்ன் அடித்தால் எரிகிறது என்றார். வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டே சொன்னார். விற்றுவிட்ட பழைய காரின் குறைகளுக்கும் போனார். அதற்கு முந்தைய ஸ்கூட்டரில் கிளட்ச் ஒயரைத் தப்பாக மாட்டிய கதையும் வந்தது. செங்கல்பட்டு வந்துவிட்டது, குறை தீரவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினார்கள். பெட்ரோல் முள் கீழே படுத்தது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கச் சாலமோனின் முகம் கறுத்து, ஆளே சிறுத்து, கடைசியில் சீட் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது.

ஷெட் வாசலில் வண்டி நின்றபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் அந்த மாலிக்காண்ட சொல்லிக்கீறியா?"

"சேச்சே. பிளக்கு மட்டுந்தான். மத்ததெல்லாம் யாராண்டயும் வாயத் தொறந்ததில்லண்ணா."

சாலமோன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். சீட் பெல்ட் மெல்ல மெல்ல இறுகியது.

"பிரேக்லருந்து மறுபடி சொல்லு," என்றார்.