புள்ளியும் பெருக்கல் குறியும்

நாற்பத்தொன்றாம் நாள், காலை ஏழு இருபது. லிஃப்ட் மெக்கானிக் தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தான். சூடு போய்விடும் என்று வாரம் ஒரு முறைதான் திறப்பான்.

உள்ளே முப்பத்தொரு டிகிரி. ஈரத் தேங்காய் நார்த்தூளில் அவன் வளர்க்கும் புள்ளிப் பல்லி இட்ட இரண்டு முட்டைகள். முன்பு இரண்டு தடவை இட்டவை பூசணம் பிடித்துக் கெட்டுப்போயின. இந்தத் தடவையும் பொரிக்காவிட்டால் பெட்டியைத் தயிர் உறைய வைக்க எடுத்துக்கொள்வதாக மனைவி சொல்லிவிட்டாள். சுவர்ப் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டுகிறவள் அவள்.

இட்ட அன்றே இரண்டு முட்டைகளின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். பல்லி முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். புள்ளி எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

புள்ளிகளைக் காணோம். அந்த இடத்தில் பெருக்கல் குறிகள்.

"பெட்டிய யாரு தொட்டது?"

"அந்தக் கண்றாவிய நான் ஏன் தொடறேன்?" மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். "அப்பாவக் கேளுங்க."

மாமனார் வந்து ஐந்து நாள் ஆகிறது. முப்பது வருடம் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவர். பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"நான்தான் மாப்ளே. ஒரு பக்கம் மட்டும் குறி வச்சா எப்படித் திருப்புவீங்க? மறுபக்கம் நானே போட்டுட்டேன். பண்ணையில கோழி முட்டையத் திருப்பற மாதிரியே தெனம் நாலு வேளை, ஒரு வேளை தவறல."

"மாமா, இது கோழி இல்ல."

"தெரியும். அதான் மெதுவாத் திருப்பினேன்."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "போச்சா? பாலக் காய்ச்சட்டுமா?"

"கொஞ்சம் சும்மா இரு."

செல்போன் வெளிச்சத்தை முதல் முட்டையின் பக்கவாட்டில் பிடித்தான். வெறும் மஞ்சள். இரண்டாவதில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. ஓரமெல்லாம் சிவப்பு நரம்பு. சுருண்டது அசைந்தது.

மாமனாரின் வாயிலிருந்து நுரை சொட்டியது.

"உசிரோட இருக்கு," என்றாள் மனைவி. பிறகு அப்பாவைப் பார்த்து, "அஞ்சு நாளா உருட்டியிருக்கீங்களே, அதுக்குத் தலை சுத்தாதாப்பா?"

"மாமா, கும்பிட்டுக் கேக்கறேன். இனிமே விரல்கூடப் படக்கூடாது."

"சத்தியமாத் தொடமாட்டேன்." மாமனார் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "ஆனா மாப்ளே, விடியக்காலைல ஒரு தடவ திருப்பிட்டேன். இப்ப புள்ளி அடியில கிடக்கு. இப்படியே விட்டுடலாமா, இல்ல கடைசியா ஒரே ஒரு தடவ திருப்பிடட்டுமா?"