சிவப்புக் கட்டத்துக்குள் பதினேழு படகுகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஓர் ஈயக்குண்டின் கதை சொல்கிறேன். எந்தக் கடல், எந்த இடம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மீன்துறை அலுவலகத்தின் பெஞ்சில் குண்டுக்காரி காலையிலிருந்து காத்திருந்தாள். மடியில் ஈரச்சாக்கு, அதற்குள் ஈயக்குண்டு. அதன் அடிக்குழியில் சோப்பை அப்பி, கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, சோப்பில் ஒட்டிவருவதை முகர்ந்து பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவாள். பெயர் அப்படி வந்ததுதான். பக்கத்தில் அவள் அண்ணன், படகு தள்ளுகிறவன், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் கடல் வரைபடம் விரிந்திருந்தது. துறைமுகத்தில் தோண்டும் சேற்றைக் கொட்டப்போகிற இடத்தைச் சிவப்புக் கட்டமாகப் போட்டிருந்தார்கள்.

"அங்க ஒண்ணுமில்லம்மா. வெறும் சேறுன்னுதான் அறிக்கையில இருக்கு."

"எழுதினவரு எறங்கிப் பாத்தாரா சார்?"

சாக்கைப் பிரித்துக் குண்டைக் கட்டத்தின்மேலேயே வைத்தாள். அதன் அடிக்குழியில் அப்பிய சோப்பில் சிப்பித்தூள், ஒரு கடற்புல், புல்லில் கறுப்புத் திராட்சை போல நாலு முட்டை.

"கணவாய் மீன் முட்டை சார். விடியக்காலைல எடுத்தது. சேத்தக் கொட்டுனா மூடிப்போயிரும். அப்புறம் நாங்க எதப் பிடிக்கிறது, உங்க சேத்தையா?"

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி, முட்டை இருக்கிற இடத்தக் குறிச்சுக் குடுங்க. அத மட்டும் விட்டுறலாம்."

அண்ணன் பேனாவை எடுத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாண்ணே. போன வருஷம் மீன் அடையுற பாறையக் குறிச்சுக் காட்டினோமே, மறந்துட்டியா? எட்டாம் நாளே பெரிய போட்டெல்லாம் வந்து வழிச்சுட்டுப் போச்சு." அதிகாரி பக்கம் திரும்பினாள். "குறிக்க மாட்டேன் சார். கூட்டிட்டுப் போறேன், வாங்க. செல்போன மட்டும் கரையில வச்சுட்டு வரணும், அது எடத்தக் காட்டிக் குடுத்துரும்."

"எனக்குப் படகு ஒத்துக்காதும்மா."

"எங்களுக்குக் காகிதம் ஒத்துக்கல."

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதிகாரி சேறு கொட்டும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வரைபடத்தில் உதிர்ந்திருந்த சிப்பித்தூளை உதவியாளர் துணியால் துடைத்துக் குப்பைக்கூடையில் உதறினார்.

மறுநாள் காலை சேற்றுக்கப்பல் வந்தபோது கட்டம் முழுக்கப் பதினேழு படகுகள் பரவி, நங்கூரம் போட்டு நின்றன. அதில் முட்டை இருக்கிற இடம் எதுவென்று கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. படகுக்கொரு குண்டு தண்ணீரில் இறங்கியிருந்தது.

"இங்க ஒண்ணுமில்ல, நகருங்க!" என்று கப்பலின் ஒலிபெருக்கி கத்தியது.

"ஒண்ணுமில்லாத எடத்துல நாங்க நின்னா உங்களுக்கு என்னய்யா வலிக்குது?" என்றாள் குண்டுக்காரி.

பதினேழு படகிலும் சிரிப்பு. கப்பல் சிரிக்கவில்லை, நிற்கவும் இல்லை. அதன் நிழல் அவள் படகின்மேல் ஏறியது. அவள் நிமிராமல், புதுச் சோப்பைப் பிசைந்து குண்டில் அப்பி, மறுபடியும் இறக்கினாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து நின்று, "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்ல எவனுக்கும் வாய் வராதிருக்கட்டும்.